கொம்பு ஏன் இடம் மாறி நிற்கிறது?

“மாவட்ட வாரியாக மழையளவைப் பைத்தானில் பட்டை வரைபடமாகப் போட்டேன். ஊர்ப்பெயர் வர வேண்டிய இடமெல்லாம் முதலில் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் ஃபாண்ட் ஒன்றைப் போட்டதும் கட்டம் போய் எழுத்து வந்துவிட்டது. ஆனால் சென்னையும் கோயம்புத்தூரும் உடைந்து கிடக்கின்றன. வேறு வேறு ஃபாண்ட் போட்டுப் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் அப்படித்தான். கோளாறு என் கணினியிலா?” புள்ளியியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கணினியில் கோளாறு இல்லை. இந்தக் கேள்விக்குள் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. கட்டம் வருவது ஒன்று, எழுத்து உடைவது இன்னொன்று. கட்டம் வந்தால் எழுத்துருவைக் குறை சொல்லலாம். எழுத்து உடைந்தால் எழுத்துரு மேல் பழி போடுவதில் நியாயமே இல்லை. அது தன் வேலைக்குத் தயாராகத்தான் இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, எழுத்துருவை இறக்குவதும் மாற்றுவதுமாகப் பொழுதைக் கழிப்பவர்கள் ஏராளம்.

கட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம், அது எளிது. பைத்தானில் வரைபடம் போடப் பெரும்பாலோர் பயன்படுத்துவது மேட்பிளாட்லிப் என்ற நூலகம். அதனுடன் கூடவே வரும் எழுத்துரு டேஜாவூ சான்ஸ். 2017-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இதுதான் இயல்பு. லத்தீன், கிரேக்கம், சிரிலிக் என்று பல எழுத்து முறைகள் அதில் உண்டு, தமிழ் கிடையாது. இல்லாத எழுத்தை வரையச் சொன்னால் வெற்றுக் கட்டம் வரைந்துவிட்டு, கீழே எச்சரிக்கை ஒன்றையும் அச்சிடும். இந்த எச்சரிக்கையைப் பலர் படிப்பதே இல்லை. எந்த எண்ணுள்ள எழுத்து எந்த எழுத்துருவில் இல்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். க என்றால் 2965, த என்றால் 2980. எச்சரிக்கையில் வரும் எண் இந்த வரம்புக்குள் இருந்தால் தமிழ் எழுத்துரு கிடைக்கவில்லை என்று பொருள். எண் 8722 என்றிருந்தால் கதை நேர் எதிர்: தமிழ் எழுத்துரு கிடைத்துவிட்டது, ஆனால் அதில் கழித்தல் குறி இல்லை. மேட்பிளாட்லிப் கழித்தலுக்கு விசைப்பலகையில் உள்ள சிறுகோட்டைப் போடுவதில்லை. கணிதத்துக்கென்று யூனிகோடு தந்த நீளமான குறியைப் போடுகிறது. சில எழுத்துருக்களில் அந்தக் குறி இருக்காது. பூஜ்யத்துக்குக் கீழே போகும் வெப்பநிலை வரைபடத்தில், அச்சில் எண்ணுக்கு முன்னால் ஒரு கட்டம் நின்றால் காரணம் இதுதான். யூனிகோடு மைனஸ் என்ற அமைப்பை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்.

எழுத்துருவை நிறுவிய பிறகும் ‘கிடைக்கவில்லை’ என்று அது சாதித்தால், மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். நீங்கள் கொடுத்த பெயர் கோப்பின் பெயரா, எழுத்துருவுக்குள்ளேயே பதிந்திருக்கும் குடும்பப் பெயரா? மேட்பிளாட்லிப் தேடுவது குடும்பப் பெயரை. அடுத்து, அது முதல்முறை ஓடும்போது கணினியில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிட்டு ஒரு கோப்பில் சேமித்துக்கொள்கிறது. நேற்று நிறுவியது அந்தப் பழைய பட்டியலில் இருக்காது. பட்டியல் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். அதைவிட நல்லது, எழுத்துருக் கோப்பு இருக்கும் இடத்தை ‘ஆட்ஃபாண்ட்’ கட்டளையால் நேரடியாகக் காட்டிவிடுவது. மூன்றாவது, கூகுள் கோலாப் போன்ற இடங்களில் ஓட்டுகிறீர்களா? அங்கே நிரல் ஓடுவது எங்கோ இருக்கும் ஒரு லினக்ஸ் கணினியில். உங்கள் மடிக்கணினியில் லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்கள் இருப்பது அதற்குத் தெரியாது. ஒவ்வோர் அமர்விலும் எழுத்துருக் கோப்பை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

தமிழ் மட்டுமே உள்ள எழுத்துருவைப் போட்டதும் ஆங்கில எழுத்துகள் கட்டமாக மாறுவதும் உண்டு. 2022-இல் வந்த 3.6 பதிப்பு முதல், ஒரு பெயருக்குப் பதில் பெயர்ப் பட்டியலையே கொடுக்கலாம். முதல் எழுத்துருவில் இல்லாததை இரண்டாவதில் தேடிக்கொள்ளும். டாலர் குறியிலும் கவனம் தேவை. தலைப்பில் இரண்டு டாலர் குறிகள் வந்தால் இடையில் உள்ளதைக் கணிதச் சூத்திரம் என்று எடுத்துக்கொண்டு, கணிதத்துக்கான வேறு எழுத்துருவில் வரையப் பார்க்கும். நடுவில் தமிழ் இருந்தால் அது மறுபடியும் தெரியாமல் போகும். டாலருக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டால் தீர்ந்தது.

கட்டம் பற்றி இவ்வளவு போதும். மாணவியின் கேள்வியில் என்னை ஈர்த்தது இரண்டாவது சிக்கல்தான். எழுத்து உடைவதை நிதானமாகப் பார்த்தால், தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி வாழ்கிறது என்பதே தெரிந்துவிடும்.

சென்னை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் ஆறு என்கிறது. ச, ஒற்றைக்கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் கொம்பு என்று ஆறு எண்களாகத்தான் அது சேமிக்கப்பட்டிருக்கிறது. வரிசையைக் கவனியுங்கள். ஒற்றைக்கொம்பை நாம் ச-வுக்கு முன்னால் எழுதுகிறோம். கணினியோ பின்னால் வைத்திருக்கிறது. ஐகாரக் கொம்பும் அப்படியே. ஒலிக்கும் வரிசை சேமிப்புக்கு, பார்க்கும் வரிசை திரைக்கு. கோயம்புத்தூரில் நமக்கு ஏழு எழுத்து, கணினிக்குப் பதின்மூன்று. அதில் முதல் எழுத்தான கோ இன்னும் விசேஷம்: க என்று ஓர் எண், ஓகாரக் குறி என்று ஓர் எண், ஆக இரண்டுதான். ஆனால் திரையில் வர வேண்டியவை மூன்று வடிவங்கள்: முன்னால் இரட்டைக்கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால்.

ஒலிவரிசையைப் பார்வைவரிசையாக மாற்ற ஒருவர் வேண்டும். கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுப்பதைப் போன்ற வேலை அது. கையில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள வரிசைப்படி ஒவ்வொரு குடும்பமாக மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். வந்த வரிசையிலேயே நிற்க வைத்துப் படம் எடுத்தால் யார் முகமும் தெரியாது. போட்டோகிராபர் ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறார். அப்பாவுக்குப் பின்னால் மேடையேறிய சின்னப் பையனைப் பிடித்து முன்னால் நிறுத்துகிறார், அவன் ஒற்றைக்கொம்பு. அக்காவும் அத்தானும் பட்டியலில் ஒரே பெயராக இருக்கிறார்கள், ஒன்றாகத்தான் வருகிறார்கள். அவர்களைப் பிரித்து மணமகளுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நிறுத்துகிறார். அது ஓகாரம். தோளில் ஏறிக்கொள்ளும் பையன் புள்ளி. தாயின் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தையைத் தனியாக நிறுத்த முடியாது; தாயும் பிள்ளையும் சேர்ந்து ஒரே உருவம். உகரமும் ஊகாரமும் அப்படி: ப-வும் உகரமும் சேர்ந்தால் பு என்ற தனி வடிவம், த-வும் ஊகாரமும் சேர்ந்தால் தூ. குழந்தை மட்டும் மேடைக்கு ஓடிவந்துவிட்டது, தாய் இன்னும் பந்தியில் இருக்கிறாள் என்றால்? தாயின் இடத்தில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, குழந்தையை அதன் அருகில் நிறுத்துகிறார். மெய் இல்லாமல் தனியே ஓர் உயிர்க்குறியைத் தட்டும்போது, பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றுகிறதே, அந்தக் காலி நாற்காலிதான் அது.

இந்தப் போட்டோகிராபர் ஒரு மென்பொருள். எழுத்துக் கோப்புப் பொறி என்று சொல்லலாம். ஹார்ஃபஸ் என்ற திறமூலப் பொறி இதில் முன்னணியில் இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் லிப்ரே ஆஃபீஸிலும் எழுத்தைக் கோப்பது அதுதான். அது செய்வதை வரிசையாகச் சொல்லலாம். வரும் எண்களை அசை அசையாகப் பிரிக்கிறது. ஒரு குடும்பத்தின் பிள்ளை இன்னொரு குடும்பத்தில் போய் நிற்கக் கூடாதல்லவா? ஓகாரத்தை இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாக உடைக்கிறது. கொம்பை அந்த அசையின் முன்னால் நகர்த்துகிறது. அதன் பிறகு எழுத்துருக் கோப்பைத் திறந்து, அதற்குள் இருக்கும் மாற்று அட்டவணையைப் படிக்கிறது. ப-வும் உகரமும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் நீக்கிவிட்டு இன்ன வடிவத்தைப் போடு என்ற மாதிரியான கட்டளைகள் அதில் இருக்கும். அந்தந்த வீட்டு வழக்கம் என்ன என்பதை வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்த சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோகிராபர் அதைப் படித்துவிட்டுத்தான் ஆளை நிறுத்துகிறார். கடைசியில் இன்னோர் அட்டவணையைப் பார்த்து, ட-வின் தலையில் புள்ளி எங்கே, ழ-வின் தலையில் எங்கே என்று துல்லியமாக இடம் குறிக்கிறது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் படம் எடுக்க வேண்டும். படம் எடுப்பது வேறொரு மென்பொருள். அதன் பெயர் ஃபிரீடைப். ஒரு வடிவத்தைக் கொடுத்தால் அதன் வளைவுகளைக் கணக்கிட்டுப் புள்ளிகளாக்கித் தரும். அற்புதமான கேமரா, ஆனால் கேமரா மட்டும்தான். யாரை எங்கே நிறுத்துவது என்பது அதன் வேலையே இல்லை. வெகுகாலமாக மேட்பிளாட்லிப்பில் இருந்தது இந்தக் கேமரா மட்டும், போட்டோகிராபர் கிடையாது. சொல்லில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக எடுக்கும். அந்த எண்ணுக்கு எழுத்துருவில் என்ன வடிவம் என்று பார்க்கும். அதை வரைந்து, அதன் அகலம் அளவுக்கு வலப்பக்கம் நகர்ந்து, அடுத்ததை எடுக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படம் எடுத்து, வந்த வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, இதோ உங்கள் குடும்பப் படம் என்று நீட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஆளுக்கோர் இடம், இடுப்பில் பிள்ளை இல்லை, தோளில் பிள்ளை இல்லை. அங்கே இந்த முறை பிசகாது. தமிழில் சென்னை என்ன ஆகிறது பாருங்கள். ச தனியாக நிற்கிறது; அதன் பின்னால் வரும் ஒற்றைக்கொம்பு அடுத்த ன-வுக்கு முன்னால் போய் நிற்பதால், கண் அதை ‘னெ’ என்று சேர்த்துப் படிக்கிறது. சொல்லின் கடைசியில் ஐகாரக் கொம்பு, தனக்கென்று மெய் யாரும் இல்லாமல், வெளியே கிடக்கிறது. மதுரையிலும் தேனியிலும் கோவையிலும் இதே கதை. விழுப்புரத்தில் ழு ஒன்று சேராமல் இரண்டு துண்டாக நிற்கிறது. ஈரோடு பார்வைக்கு ஈரோடாகவே இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. பு என்ற வடிவத்துக்கு யூனிகோடில் எண்ணே கிடையாது. தூ-வுக்கும் இல்லை, கு-வுக்கும் இல்லை. பதினெட்டு மெய்களோடு உகரமும் ஊகாரமும் சேர்ந்து வரும் 36 வடிவங்களுக்கும் தனி எண் இல்லை. நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைத் திறந்து பார்த்தால் இந்த 36 வடிவங்களையும் வடிவமைப்பாளர் ஒவ்வொன்றாக வரைந்து வைத்திருப்பது தெரியும். கூ-வின் சுழிப்பு வேறு, பூ-வின் நீட்டல் வேறு, ரு-வின் வால் வேறு. அவற்றை அடைய உள்ள ஒரே வழி அந்த மாற்று அட்டவணை. எண்ணைக் கொடுத்து வடிவத்தைக் கேட்கும் நிரலுக்கு அவை கிடைக்கவே கிடைக்காது, எத்தனை எழுத்துரு மாற்றினாலும் சரி. மாணவி எல்லா எழுத்துருவிலும் ஒரே மாதிரி உடைவதைப் பார்த்தது இதனால்தான். வடிவங்கள் எல்லாம் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. கேட்கத் தெரிந்த மென்பொருள் கேட்டால் உடனே கொடுக்கும்.

வரலாறு கொஞ்சம் சொல்லாமல் தீராது. மேட்பிளாட்லிப்பை எழுதத் தொடங்கியவர் ஜான் ஹண்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராயும்போது அவருக்குத் தேவைப்பட்ட கருவி அது. 2003-இல் வெளியிட்டார், 2012-இல் மறைந்தார். மூளை அலையின் அச்சில் எழுத வேண்டியது எண்களும் சில ஆங்கிலச் சொற்களும்தான். தமிழ் உடைவதற்கு அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொம்பைப் பின்னால் சேமிப்பது எங்கிருந்து வந்தது என்றால், 1988-இல் இந்திய மொழிகளுக்காக வகுக்கப்பட்ட இஸ்கி தரத்திலிருந்து. யூனிகோடு அந்த அடிப்படையை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் மெய்யை அடித்தார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் அதே வரிசைதான். தாய்லாந்து மொழியிலும் முன்னால் நிற்கும் உயிர்க்குறிகள் உண்டு. ஆனால் அவர்கள் பார்க்கும் வரிசையிலேயே சேமிப்பது என்று முடிவெடுத்தார்கள், யூனிகோடும் அதை ஏற்றது. அதனால் தாய் மொழிச் சொல்லில் உயிர்க்குறி இப்படி இடம் மாறுவதில்லை. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 என்ற குறியாக்கத்தை, யூனிகோடோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. பெரும்பாலான மென்பொருள்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

பார்க்கும் வரிசையிலேயே சேமித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று தோன்றும். கொம்பைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அகரவரிசைப்படுத்தும்போது கெ, செ, தெ, பெ என்று தொடங்கும் சொற்களெல்லாம் கொம்பின் கீழ் ஒன்றாகக் குவிந்துவிடும். கொல்லிமலையைத் தேடுபவர் க-வின் கீழ்தான் தேடுவார். கொம்பின் கீழ் தேடமாட்டார். மொழியை மொழியாகச் சேமிப்பது, பார்வைக்கு வேண்டியதைத் தனியாகச் செய்துகொள்வது என்ற யூனிகோடின் பிரிப்பை நான் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிரிப்புக்கு ஒரு விலை உண்டு. தமிழை வரையும் ஒவ்வொரு மென்பொருளும் அந்த இரண்டாவது வேலையைச் செய்தாக வேண்டும். செய்யாத மென்பொருளைத் தமிழ் தெரிந்த மென்பொருள் என்று சொல்லக் கூடாது.

‘யூனிகோடு ஆதரவு உண்டு’ என்ற விளம்பர வாசகத்தை நான் நம்பாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். யூனிகோடை ஏற்கிறோம் என்று ஒரு நூலகம் சொன்னால், தமிழ் எண்களை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். வெளியே எப்படி வரும் என்பதற்கு அல்ல. பல பிடிஎஃப் உருவாக்கும் நூலகங்களிலும், காணொளியின் மேல் எழுத்துப் போடும் கருவிகளிலும், விளையாட்டு மென்பொருள்களிலும் இதே உடைசலைப் பார்க்கலாம். ‘இந்த ஒரு வரியைச் சேர்த்தால் தமிழ் வந்துவிடும்’ என்று பரிந்துரைப்பவர்கள், பெரும்பாலும் தமிழ்நாடு என்றோ வணக்கம் என்றோ போட்டுக் காட்டுகிறார்கள். வணக்கத்தில் கொம்பே இல்லை. தமிழ்நாட்டில் உடையக்கூடியது கடைசி டு ஒன்றுதான். அதை அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. இவற்றை வைத்துச் சோதிப்பது சோதனையே ஆகாது.

சோதிப்பதற்கு நான் சொல்லும் சொல் கொக்கு. ஒகரத்தின் கொம்பு க-வுக்கு முன்னும், துணைக்கால் பின்னும் நிற்கிறதா? புள்ளி தலைமேல் இருக்கிறதா? கு ஒரே வடிவமாகச் சேர்ந்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் கோப்புப் பொறி வேலை செய்கிறது. கட்டம் வந்தால் எழுத்துரு இல்லை. எழுத்து வந்து உடைந்திருந்தால் பொறி இல்லை. எந்த மென்பொருளுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

பொறி இல்லை என்று தெரிந்த பிறகு என்ன செய்யலாம்? வரைபடத்தை எஸ்விஜி கோப்பாகச் சேமிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. மேட்பிளாட்லிப் இயல்பாக எஸ்விஜியில் எழுத்தை வளைகோடுகளாக மாற்றிவிடும். உடைந்த வடிவம் அப்படியே பதிந்துவிடும். எஸ்விஜி ஃபாண்ட்டைப் என்ற அமைப்பை ‘நன்’ என்று மாற்றிவிட்டால் எழுத்தை எழுத்தாகவே விட்டுவைக்கும். அந்தக் கோப்பை உலாவியில் திறந்தால், உலாவியில் உள்ள பொறி கொம்பை எடுத்து முன்னால் நிறுத்திவிடும். அங்கிருந்து பிடிஎஃப்பாக அச்சிட்டுக்கொள்ளலாம். படம் பார்ப்பவரின் கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. சொற்களின் அகலத்தை மேட்பிளாட்லிப் தன் பழைய கணக்கில் அளந்திருப்பதால், குறிவிளக்கப் பெட்டி சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ அமையலாம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆய்வேடு எழுதுபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மேட்பிளாட்லிப்பில் பிஜிஎஃப் என்ற வரைமுறையைத் தேர்ந்தால், எழுத்து வேலையை ஸீலேட்டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளிடம் ஒப்படைத்துவிடும். ஸீலேட்டெக் ஹார்ஃபஸைப் பயன்படுத்துவது. அதற்குத் தரும் தொடக்கக் கட்டளைகளில் எழுத்துருவைக் குறிப்பிடும் இடத்தில், எழுத்து முறை தமிழ் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை விட்டால் அங்கேயும் உடையும். நிறுவுவதற்குப் பொறுமை வேண்டும், ஓடுவதற்கும் நேரம் எடுக்கும். ஆனால் கிடைக்கும் அச்சுத் தரத்துக்கு அந்தப் பொறுமை தகும். மேட்பிளாட்லிப்புக்கு எம்பிஎல்கைரோ என்ற மாற்று வரைபொறியும் இருக்கிறது. ராக்ம் என்ற இடைநூலகம் வழியாக ஹார்ஃபஸைக் கூப்பிட்டுக்கொள்ளும் அது. பிளாட்லி, போக்கே, ஆல்டேர் போன்ற நூலகங்கள் உலாவியிலேயே வரைபவை. அவற்றில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேட்பிளாட்லிப்தான் வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

இரண்டு குறுக்கு வழிகளைச் சிலர் சொல்வதுண்டு. கொம்பை நிரலிலேயே மெய்க்கு முன்னால் தூக்கி வைத்துவிடுவது ஒன்று. கொம்பு சரியாகும், பு-வும் தூ-வும் உடைந்தபடியே இருக்கும். சொல்லைப் பாமினி எழுத்துருவின் பழைய குறியாக்கத்துக்கு மாற்றிவிடுவது இன்னொன்று. பாமினியில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் ஆங்கில விசை உண்டு. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் தமிழ் என்று தெரியும். கோப்புப் பொறியே தேவையில்லாத முறை என்பதால் வரைபடத்தில் அழகாக வரும். ஆனால் கோப்புக்குள் இருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளின் குவியல். அந்தப் பிடிஎஃப்பில் நாளை யாராவது மதுரை என்று தேடினால் கிடைக்காது. பார்வையற்றவர்களுக்குப் படித்துக் காட்டும் மென்பொருள் அதைத் தமிழாகப் படிக்காது. அவசரத்துக்குச் சுவரொட்டி அடிப்பவர் செய்யலாம். தரவு ஆவணத்தில் இதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மேட்பிளாட்லிப்பை உருவாக்குவோர் சும்மா இருக்கவில்லை. அந்த ராக்ம் நூலகத்தை மேட்பிளாட்லிப்புக்குள்ளேயே கொண்டுவரும் வேலையை எடுத்திருக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்து அளந்து எழுதப்பட்ட பழைய நிரல் நூலகம் முழுக்கப் பரவிக் கிடப்பதால் அது சின்ன வேலை அல்ல. அரபு, தேவநாகரி, தமிழ் எல்லாவற்றுக்கும் இதனால் ஒரே நேரத்தில் விடிவு கிடைக்கும். புதிய பதிப்பு வரும்போதெல்லாம் வெளியீட்டுக் குறிப்பை நம்பி உட்காராமல் கொக்கை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்ட மாணவிக்கும், தமிழில் வரைபடம் போடும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்து உடைகிறது என்பதற்காக அச்சில் ஆங்கிலத்தைப் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். எஸ்விஜி வழியை இன்றே முயன்று பாருங்கள். எந்தத் திறமூல நூலகத்தில் தமிழ் உடைவதைப் பார்த்தாலும், உடைந்த படத்தையும், பயன்படுத்திய எழுத்துருவின் பெயரையும், சரியாக வர வேண்டிய வடிவத்தையும் சேர்த்து அதன் உருவாக்குநர்களுக்கு வழு அறிக்கையாக அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவருக்குக் கொம்பு இடம் மாறி நிற்பது கண்ணில் படாது; அதைக் காட்ட வேண்டியவர்கள் நாம்தான்.